எங்கள் டைரக்டரின் வெள்ளிக்கிழமைச் சீட்டுகள்

சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் கூட்டத்தில் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிடுவார்கள். நாங்கள் எல்லோரும் அவரை டைரக்டர் என்று கூப்பிடுவதுதான் காரணம். உண்மையான இயக்குநர் வேறு ஆள். கல்வி அலுவலகத்தின் நான்காவது மாடியில், ஏசி போட்ட அறையில் இருப்பவர். எங்கள் டைரக்டர் ஒரு மாற்று ஆசிரியை. எந்தப் பள்ளியில் எந்த ஆசிரியர் வரவில்லையோ, அவர் வகுப்பில் அன்றைக்குப் போய் நிற்பதுதான் வேலை. பதவியில் எங்கள் எல்லோருக்கும் கீழே, பட்டப்பெயரில் எல்லோருக்கும் மேலே. நான் அவரை அக்கா என்பேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். இல்லாவிட்டால் இரண்டு டைரக்டர்களும் கலந்துபோய்க் கதை கந்தலாகிவிடும்.

பட்டப்பெயர் வந்தது சங்கத்தின் ஒரு பழக்கத்தால். வருடா வருடம் பள்ளி திறந்ததும் எங்களுக்குக் கோரிக்கைப் பட்டியல் வேலை தொடங்கிவிடும். பள்ளி பள்ளியாகப் போய் யாருக்கு என்ன குறை என்று கேட்டு, எழுதி, அடுக்கி, அலுவலகத்தோடு பேசப் போக வேண்டும். பேசுவதில் ஆசிரியர்களை மிஞ்ச ஆள் இல்லை என்று ஊரே நினைக்கிறது. உண்மை வேறு. நாங்கள் கேள்வி கேட்டுப் பழகியவர்கள். எங்களை ஒருவர் திருப்பிக் கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு வருடம் எங்கள் குழு நான்காவது மாடிக்குப் போய், இயக்குநர் கேட்ட இரண்டாவது கேள்வியிலேயே திருதிருவென்று விழித்துவிட்டுத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் ஒத்திகை என்ற ஏற்பாடு வந்தது.

மூன்று சனிக்கிழமை ஒத்திகை. சைக்கிள் கடைக்கு மாடியில் இருக்கும் சங்க அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் பேச்சுவார்த்தைக் குழு ஏழு பேர். அந்தப் பக்கம் இயக்குநராக நடிக்க ஒரே ஒருவர். ஒத்திகையில் தாக்குப்பிடிக்காத கோரிக்கை பட்டியலில் இருக்கக் கூடாது என்பது விதி. தலைவர் இதை முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிடுவார், எழுதிப் போடாத எதுவும் எங்களுக்கு மனதில் நிற்காது என்று அவருக்குத் தெரியும். தலைவர் உடற்பயிற்சி ஆசிரியர். விவாதம் எல்லை மீறினால் விசில் ஊதுவார். அந்த விசிலுக்குக் கட்டுப்படாத ஆள் எங்கள் சங்கத்தில் இதுவரை இல்லை.

எதிர்ப்பக்க நாற்காலிக்கு ஆள் கிடைக்கவில்லை. வலியப் போய்க் கெட்ட பெயர் வாங்க யாருக்கு ஆசை? கடைசியில், மறுத்துப் பேசத் தெரியாதவர் என்று நாங்கள் நினைத்த ஒருவரின் தலையில் கட்டினோம். அக்கா போய் உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இயக்குநரும் அப்படித்தான் வைப்பார் என்பது அவரை நேரில் பார்த்த எங்களுக்குத் தெரியும். அக்காவுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்து முடிப்பதற்குள் முதல் கேள்வி வந்து விழுந்தது. அன்றைக்கு எங்களை அவர் பிழிந்து காயப்போட்டார். கணக்கு வாத்தியார் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அந்த வருடம் நான்காவது மாடிக்குப் போனபோது இயக்குநர் கேட்ட எல்லாவற்றையும் நாங்கள் ஏற்கெனவே அக்காவின் வாயால் கேட்டிருந்தோம். டைரக்டர் பட்டம் அன்றிலிருந்து நிலைத்துவிட்டது.

நான் வரலாறு எடுக்கிறவள், சங்கத்தில் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள். மூக்கை நுழைக்கும் குணம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. என் கணவர், பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று என்னைத்தான் கேட்க வேண்டும் என்பார். அக்கா ஒரு கூட்டத்திலும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச மாட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் இத்தனை வாதம் எங்கிருந்து வருகிறது என்பது என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பிரசவ விடுப்புக்குப் பதிலாக ஆறு வாரம் என்று சொல்லி அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த ஆறு வாரம் இன்னும் முடியவில்லை. காலை ஆறே காலுக்கு வீட்டில் போன் அடிக்கும், லீவு போடுகிற டீச்சரோ அலுவலகமோ ஒரு பள்ளியின் பெயரும் ஒரு வகுப்பின் எண்ணும் சொல்வார்கள், அவ்வளவுதான். முப்பத்து நான்கு பள்ளிகளுக்குப் போயிருக்கிறார். எந்தப் பள்ளியில் எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எந்த மின்விசிறியை நம்பி அதன் கீழே உட்காரலாம் என்பது அவருக்கு அத்துப்படி. பையில் சொந்தச் சாக்பீஸ், சொந்த டஸ்டர், சொந்தத் தம்ளர். அவருடைய வீட்டுக்காரர் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கிறவர். ஊரில் எல்லா வாசலையும் பார்த்தவர்கள் நாங்கள், எங்கேயும் உட்காரச் சொன்னவர்கள்தான் இல்லை என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

வாதத்தின் ரகசியமும் அதில்தான் இருந்தது. மாற்று ஆசிரியை காலையில் தலைமை ஆசிரியர் அறையில் காத்திருந்துதான் வகுப்புக்குப் போக வேண்டும். அவர் இருப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. தலைமை ஆசிரியர்கள் அலுவலகத்தோடு போனில் பேசுவதும், அலுவலகத்து ஆட்கள் வந்து உட்கார்ந்து கை விரிப்பதும் அவர் முன்னால்தான் நடக்கும். பத்தொன்பது வருடம் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து அத்தனையையும் காதில் போட்டுக்கொண்டிருக்கிறார். கடிகாரம் கழற்றுகிற விஷயமும் அப்படிக் கிடைத்ததுதான்.

குழந்தைகள் அவரைப் புது டீச்சர் என்பார்கள். பத்தொன்பது வருடமாகப் புது டீச்சர். ஒரு பாடத்தின் நடுவில் போவார், முடிவதற்குள் வேறு பள்ளிக்குப் போன் வந்துவிடும். ஒரு வகுப்பை வருடத்தின் முதல் நாளில் வாங்கிக் கடைசி நாளில் அனுப்பிவைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒரே ஒரு தடவை போதும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம்தான் இருந்தது.

போன வருடப் பட்டியலில் அந்த ஆசைக்கு ஓர் இடம் கிடைத்தது. முதலாவது வழக்கம்போலச் சம்பளம். நான்காவது விடுப்பு: உடம்பு சரியில்லாமல் லீவு போடுகிற ஆசிரியர் தனக்குப் பதில் ஆளைத் தானே தேட வேண்டும் என்ற கொடுமை போக வேண்டும், அலுவலகமே மாற்று ஆசிரியரை அனுப்ப வேண்டும். ஏழாவது, பத்து வருடத்துக்கு மேல் மாற்று ஆசிரியராக இருப்பவர்களுக்கு நிலையான ஒரு பள்ளி. இதில் வருகிறவர்கள் மொத்தம் பதினோரு பேர். அக்காதான் அதில் மூத்தவர்.

முதல் சனிக்கிழமை ஒத்திகையில் ஏழாவதை எடுத்தபோது நாங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டோம். அக்காவின் கோரிக்கை, அக்காவே எதிர்ப்பக்கம், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தோம். கீழே சைக்கிள் கடையில் யாரோ மணியை அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா பட்டியலைக் கையில் எடுத்து நான்காவதை ஒரு முறை, ஏழாவதை ஒரு முறை படித்தார்.

"நாலாவதுல லீவுக்குப் பதில் ஆள் அனுப்புங்கன்னு கேக்கறீங்க. ஏழாவதுல, அப்படி அனுப்பற ஆளை ஒரே பள்ளிக்கூடத்துல உக்கார வைங்கன்னு கேக்கறீங்க. அவங்க உக்காந்துட்டா உங்க வகுப்புக்கு யாரை அனுப்பறது? ரெண்டுல எது வேணும்னு முடிவு பண்ணிட்டு வாங்க."

கணக்கு வாத்தியார் கூடுதல் ஆட்களை நியமிக்கலாமே என்று இழுத்தார். அதற்கு அனுமதி வர எத்தனை வருடம், அதுவரை வகுப்பில் யார் என்று அக்கா கேட்டதும் அடங்கிவிட்டார். நான் பத்து வருட அனுபவம், நியாயம் என்று ஏதோ பேசிப் பார்த்தேன். அனுபவம் இருப்பதால்தான் எங்கே வேண்டுமானாலும் அனுப்ப முடிகிறது, அந்த அனுபவத்தை ஒரே இடத்தில் பூட்டி வைப்பது எந்த நியாயம் என்று கேட்டு என் வாயை அடைத்தார். இப்படியே இருபது நிமிடம் போனது. கடைசியில் தலைவர் விசிலைக் கையில் எடுத்தார், ஆனால் ஊதவில்லை. ஏழாவதை இந்த வருடம் எடுத்துவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான்காவது முந்நூறு பேருக்கான கோரிக்கை, ஏழாவது பதினோரு பேருக்கு. ஏழு கைகளும் உயர்ந்தன. என் கையும்தான். கூட்டக் குறிப்பில் 'ஏழாவது நீக்கப்பட்டது' என்று எழுதியவளும் நான்தான். அக்கா கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.

எனக்கு அன்றைக்கெல்லாம் மனதே சரியில்லை. அதற்கு முந்தின வருடம் என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பத்து நாள் லீவு போட்டேன். என் வகுப்பில் வந்து நின்றவர் அக்காதான். திரும்பி வந்தபோது என் மேசை டிராயரில் அவர் கைப்பட எழுதிய ஒரு சீட்டு இருந்தது. எந்தப் பாடம் வரை நடத்தினார், எந்தப் பையனுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்றெல்லாம் எழுதியிருந்தார். பாதி படித்தேன். மீதியை அப்புறம் படிக்கலாம் என்று வைத்து, அதன்மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்து, எண்ணெய் பட்டதும் தூக்கிப் போட்டுவிட்டேன். அந்தப் பையனுக்குக் கண்ணாடி தேவை என்று நான் கண்டுபிடிக்க மேலும் இரண்டு மாதம் ஆனது.

ஒத்திகைக்கு அடுத்த வாரம் எங்கள் பள்ளியில் தண்ணீர்த் தொட்டி உடைந்து வெள்ளிக்கிழமை லீவு விட்டார்கள். அக்காவுக்குப் போன் செய்து, இன்றைக்கு உங்களோடு பள்ளிக்கு வரட்டுமா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்கவில்லை. பஸ் நிலையத்துக்கு ஏழரைக்கு வந்துவிடுங்கள் என்றார். பஸ்ஸில் பக்கத்தில் இடம் கிடைத்ததும் நான் பொறுக்க முடியாமல் ஆரம்பித்தேன்.

"உங்க கோரிக்கைய நீங்களே எதுக்குக்கா அப்படி அடிச்சு நொறுக்குனீங்க? கொஞ்சம் விட்டுப் பிடிச்சிருக்கலாமே."

அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியாது டீச்சர். நானும் பல வருஷமா யோசிச்சுப் பாக்கறேன். நான் ஒரு எடத்துல உக்காந்துட்டா, உடம்பு முடியாத டீச்சரோட வகுப்புக்கு யாரு போவாங்க? நீங்க ஏழு பேர் இருக்கீங்களே, யாராவது ஒருத்தர் பதில் சொல்லிடுவீங்கன்னு நெனச்சுத்தான் கேட்டேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாங்கள் அவரை எதிர்த்தரப்பு என்று நினைத்து எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். அவரோ எங்களிடம் உதவி கேட்டிருக்கிறார்.

பள்ளி பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்தது. ஆறு வகுப்பறை, ஒரு வேப்பமரம், ஒரு சிமெண்ட் மேடை. அக்காவுக்கு ஐந்தாம் வகுப்பு. இந்த வகுப்புக்கு அவர் ஆறு வருடமாக விட்டு விட்டு வருகிறாராம். வகுப்பாசிரியை நீண்ட மருத்துவ விடுப்பில் இருப்பதாகச் சொன்னார். அப்படி என்ன உடம்பு என்று கேட்டேன். அதையெல்லாம் நாம் துருவக் கூடாது, அவரவர் நோய் அவரவருக்கு என்று அக்கா சொல்லிவிட்டார். கேள்விப்பட்டதும் என் மூக்கு அரிக்கத் தொடங்கியது. ஆறு வருட மருத்துவ விடுப்பை நான் எந்தச் சங்கத்திலும் கேள்விப்பட்டதில்லை.

நாள் முழுக்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ஒத்திகையில் எங்களைக் கிழிக்கிற அதே கேள்விகளை அக்கா குழந்தைகளிடம் வேறு மாதிரி கேட்டார். ஒருத்தி எட்டில் மூன்று பெரிதா நாலில் ஒன்று பெரிதா என்று தெரியாமல் விழித்தபோது, எனக்கும் தெரியவில்லையே, எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று அவளிடமே கேட்டார். அவள் காகிதத்தைக் கிழித்து மடித்துக் காட்டினாள். அக்கா நிஜமாகவே இப்போதுதான் தெரிந்துகொண்டவர் மாதிரி தலையாட்டினார்.

மாலை மணி அடித்து வகுப்பு காலியானதும் அக்கா ஒரு சீட்டில் நாலு வரி எழுதினார். நீண்ட நாள் நிற்கிற இடங்களில் வெள்ளிக்கிழமைதோறும் எழுதுவாராம். எழுதியதை மடித்து, மேசை டிராயரின் மேல் இடுக்கு வழியாக உள்ளே தள்ளினார். சுலபமாகப் போகவில்லை, ஸ்கேலை வைத்துக் குத்தினார். டிராயரைத் திறந்து வைத்தால் என்ன என்று கேட்டேன். பத்தொன்பது வருடத்தில் அடுத்தவர் டிராயரை அவர் திறந்ததே கிடையாதாம். நாம் இன்னொருவர் இடத்தில் நிற்கிறோம், அவர் பொருளில் கை வைக்கக் கூடாது என்றார். கொஞ்ச காலமாகச் சீட்டு இறுக்கமாகத்தான் போகிறது, உள்ளே ஏதாவது புத்தகம் இருக்கும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டுத் தம்ளரைக் கழுவக் குழாயடிக்குப் போனார்.

எனக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. இழுத்தேன். வரவில்லை. தரையில் உட்கார்ந்து, காலை மேசையில் முட்டுக்கொடுத்து இழுத்தேன். டிராயர் பிடுங்கிக்கொண்டு வந்து என் மடியில் விழுந்தது. உள்ளே புத்தகம் எதுவும் இல்லை. முழுக்க முழுக்கச் சீட்டுகள். எல்லாம் அக்காவின் கையெழுத்து. அடியில் இருந்தவை மஞ்சளாகியிருந்தன. ஒன்றைக்கூட யாரும் பிரித்த அடையாளம் இல்லை.

ஒன்றைப் பிரித்தேன். 'வகுப்பாசிரியைக்கு வணக்கம். பின்னம் முடிந்தது. ஜன்னலோரம் உட்காருகிற சிறுமி மதியம் சாப்பிடாமல் இருக்கிறாள், கேட்டுப் பாருங்கள். உங்கள் உடம்பு தேறிவருகிறது என்று நம்புகிறேன். அவசரப்பட்டு வேலைக்கு வர வேண்டாம், குழந்தைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.' தேதி ஐந்து வருடத்துக்கு முந்தையது.

கதவைப் பூட்ட வந்த உதவியாளர், மடியில் டிராயரோடு தரையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துத் திகைத்துப்போனார். இந்த வகுப்பு டீச்சர் எங்கே என்று கேட்டேன். அந்தம்மா மாற்றலாகிப் போய் ஆறு வருடம் ஆகிறது, அதற்குப் பிறகு இந்த இடத்துக்கு ஆளே போடவில்லை என்றார் அவர். மூன்று தலைமை ஆசிரியர்கள் மாறிவிட்டார்கள், டீச்சர் மருத்துவ விடுப்பில் இருக்கிறார் என்று அலுவலகம் சொல்லச் சொன்னதை ஒருவர் சொன்னபடி அடுத்தவரும் சொல்லிக்கொண்டிருக்கிறார், இவ்வளவுதான் விஷயம். அக்கா கழுவிய தம்ளரோடு வாசலில் நின்று அத்தனையையும் கேட்டார்.

கோபப்படுவார் என்று நான் காத்திருந்தேன். எனக்கே கொதித்தது. அக்கா உதவியாளரைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்.

"அப்போ அந்த டீச்சருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையா?"

நன்றாக இருக்கிறார், போன மாதம்கூட ஒரு கல்யாணத்தில் பார்த்தேன் என்றார் உதவியாளர். நல்லவேளை என்று சொல்லி அக்கா குழந்தைகள் பெஞ்சில் உட்கார்ந்தார். அப்படியென்றால் இத்தனை நாள் யாருக்கு எழுதிக்கொண்டிருந்தேன் என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் அக்காவுக்குச் சங்கடமாக இருக்கும் என்று சீட்டுகளை அடுக்கத் தொடங்கினேன்.

அடுக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமைக்கு ஒன்றாகத் தேதிப்படி வைத்தால், பதினொரு வாரம் தொடர்ந்து வரும், பிறகு சில வாரம் இருக்காது. மறுபடி பதினொன்று, மறுபடி இடைவெளி. ஒரே ஒரு தடவை ஒன்பது. பன்னிரண்டு என்பது எங்கேயும் இல்லை. மொத்தம் நூற்று முப்பது சீட்டு. எனக்குப் புரியவில்லை. கணக்கு வாத்தியாருக்குப் போன் போட்டேன். அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் பன்னிரண்டு வாரம் அறுபது நாளாயிற்றே என்றார். ஒரே இடத்தில் தொடர்ந்து அறுபது நாள் மாற்று ஆசிரியர் நின்றால் அதைக் காலியிடம் என்று அறிவித்து நிரப்ப வேண்டும் என்பது விதி. அறுபது ஆகாமல் பார்த்துப் பார்த்து அக்காவை நகர்த்தியிருக்கிறார்கள். போனிலேயே வாத்தியார் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அவர் வாயில் அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிக் கேட்டதில்லை.

மூன்றாவது சனிக்கிழமை ஏழாவது கோரிக்கை திரும்ப மேசைக்கு வந்தது. அக்கா எதிர்ப்பக்கமே உட்கார்ந்தார். இந்த ஒரு தடவை இந்தப் பக்கம் வாருங்கள் என்று தலைவர் கெஞ்சிப் பார்த்தார், அக்கா கேட்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அதே கேள்வியை அதே குரலில் கேட்டார். நான் சீட்டுக் கட்டை மேசைமேல் வைத்தேன்.

நீங்கள் சொல்கிற மாற்று ஆசிரியை லீவு போட்டவருக்குப் பதிலாக நிற்கவில்லை, ஆளே இல்லாத இடத்தில் நிற்கிறார், அந்த இடத்தை அவருக்கே கொடுத்தால் லீவு போடுகிற யாருக்கும் எந்த இழப்பும் இல்லை என்று சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, இனி அக்கா ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன். எங்கே ஒத்துக்கொண்டார்! இந்தச் சீட்டுகளை நேற்று உட்கார்ந்து எழுதவில்லை என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். எனக்கு அவர்மேல் உண்மையிலேயே எரிச்சல் வந்தது. தலைவர் எழுந்து, வருகைப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கிவிடலாம் என்றார். மற்றப் பத்து பேர் விஷயம் என்ன என்று அடுத்த கேள்வி. அவர்கள் நின்ற நாட்களையும் பதிவேட்டில் பார்த்துவிடலாம் என்றார் கணக்கு வாத்தியார். அக்கா மேலே உள்ள சீட்டை எடுத்துப் பிரித்தார், படித்தார், மடித்து வைத்தார்.

"இதுக்கு என்கிட்ட பதில் இல்ல" என்றார்.

கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். இத்தனை வருட ஒத்திகையில் பதில் இல்லை என்று ஒத்துக்கொண்டு அவர் கடிகாரம் கட்டியது அன்றைக்குத்தான். தலைவர் என்ன செய்வது என்று தெரியாமல் விசில் ஊதினார். கீழே சைக்கிள் கடைக்காரர் என்ன ஆயிற்று என்று மேலே ஓடி வந்துவிட்டார்.

நான்காவது மாடியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இயக்குநர் கடிகாரத்தைக் கழற்றினார். நான்காவதும் ஏழாவதும் ஒன்றுக்கொன்று முரண் என்று, ஏறக்குறைய அக்கா சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னார். தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமலாக மாற்றிக்கொண்டார். சீட்டுகளை வைத்தோம். சாட்சி கேட்டார். பதிவேட்டு நகலை வைத்தோம். பதினோரு பேருக்கும் கணக்கு வாத்தியார் போட்ட பட்டியலை வைத்தோம். அவர் நெடுநேரம் பக்கங்களைப் புரட்டிவிட்டு, பரிசீலிக்கலாம் என்றார். அந்த வார்த்தை வந்தால் எழுந்து வராதீர்கள், எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள் என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். கேட்டோம். தேதி வாங்கிக்கொண்டுதான் எழுந்தோம்.

அந்தத் தேதியும் போனது, அதற்கு அடுத்த தேதியும் போனது. விடாமல் நடந்தோம். பள்ளி திறந்து ஆறாவது மாதம் ஏழு பேருக்கு உத்தரவு வந்தது. மீதி நாலு பேருக்கு இன்னும் வரவில்லை, அது இந்த வருடப் பட்டியலில் முதல் இடத்தில் இருக்கிறது. விடுப்புக் கோரிக்கையும் நிறைவேறியது. லீவு போடுகிறவர் இனி ஆள் தேட வேண்டாம், அலுவலகமே அனுப்பும்.

அக்காவுக்கு அதே பள்ளி, அதே ஐந்தாம் வகுப்பு. அந்த வருடம் பாதியில் கிடைத்ததால் அடுத்த வருடத்தின் முதல் நாளுக்காகக் காத்திருந்தார். உத்தரவு வந்த மறுநாள் காலை ஆறே காலுக்குப் போன் அடிக்கவில்லை என்று அவர் வீட்டுக்காரர் போனை எடுத்து, செத்துவிட்டதா என்று காதில் வைத்துப் பார்த்தாராம். டிராயரில் இருந்த பழைய சீட்டுகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். எல்லாம் வகுப்பாசிரியைக்கு எழுதினவைதானே, உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன் என்றார்.

புது வருடம் தொடங்கி இரண்டாவது மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. லீவு போட மாட்டேன் என்று அடம் பிடித்தார். நாலாவது கோரிக்கைக்கு நாங்கள் எதற்காக அத்தனை நடை நடந்தோம் என்று நான் சத்தம் போட்ட பிறகுதான் ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்தார். அலுவலகம் யாரோ ஒரு மாற்று ஆசிரியையை அனுப்பியிருக்கிறது. அக்காவுக்கு அவர் யார் என்றுகூடத் தெரியாது.

மறுநாள் காலை முதல் மணிக்கு முன்னால் எனக்குப் போன் வந்தது. அக்கா பள்ளியிலிருந்து ஒரு நாளும் போன் செய்ததில்லை. என்னவோ ஏதோ என்று பதறி எடுத்தேன்.

"டீச்சர், என் டிராயர்ல எனக்கு ஒரு சீட்டு இருக்கு."

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அக்கா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது.

"முப்பத்தொண்ணாம் பக்கம் வரைக்கும் நடத்தியிருக்காங்களாம்" என்றார். "உடம்பைப் பாத்துக்கச் சொல்லியிருக்காங்க."